லேப்ராஸ்கோபில கர்ப்பப்பை கட்டி எடுக்கறப்ப ரத்தம் நிறைய போகுமா? எனக்கு எச்.பி. (ஹீமோகுளோபின்) 7.8 தான் இருக்கு

வெண்ணாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்துல கிராமம். வயசு 34, ஒரே பொண்ணு, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா. ஒன்றரை வருஷமா பீரியட்ஸ் வந்துச்சுன்னா எட்டு நாள் ஒன்பது நாள்னு நிக்கவே மாட்டேங்குது, கட்டி கட்டியா போவுது, நைட்டு ரெண்டு பேட் சேர்த்து வெச்சாலும் பாயில பட்டுருது. இந்தத் தடவை நடவுக்குப் போன இடத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து வரப்புலயே உக்காந்துட்டேன், அப்பறந்தான் ஸ்கேன் எடுத்தோம்.

ரிப்போர்ட்ல ரெண்டு ஃபைப்ராய்டு. பெருசு 8.5 செ.மீ., பின்பக்கச் சுவத்துக்குள்ள இருக்காம் (இன்ட்ராமியூரல்னு போட்டுருக்கு), சின்னது 3 செ.மீ. எனக்கு இன்னொரு குழந்தை வேணும்னு சொன்னதால கர்ப்பப்பைய எடுக்க வேணாம், கட்டிய மட்டும் லேப்ராஸ்கோபில எடுத்துரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வர்ற 18ஆம் தேதி வரச் சொல்லிருக்காங்க, ரெண்டு பாட்டில் ரத்தம் ரெடி பண்ணிக்கங்கன்னும் சொன்னாங்க. அங்கதான் எனக்கு வயித்த கலக்குது. என் சித்திக்கு இதே மாதிரி கட்டிதான், பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி வயித்த கிழிச்சு பண்ணப்ப ரத்தம் நிக்காம கடைசில பையையே எடுத்துட்டாங்க. மாமியார் அதையே சொல்லிச் சொல்லி "அதுக்கு இப்பவே பைய எடுத்துட்டு வந்துரு, ஒரு வேலையா போயிரும்"ங்கறாங்க. வீட்டுக்காரரு எதுவும் பேச மாட்டாரு, நீ சொல்றதுதான்பாரு.

சின்ன ஓட்டை வழியா பண்றப்ப ரத்தம் வந்தா உள்ள எப்படி நிறுத்துவாங்க? ரத்தம் கம்மியா போறதுக்கு ஏதாவது ஊசி கீசி இருக்கா? டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்? போனா அஞ்சு நிமிஷத்துல வெளில அனுப்பிடறாங்க, கேக்க நெனச்சதெல்லாம் பஸ்ஸு ஏறினப்பறந்தான் ஞாபகம் வருது.

ஓடி சிஸ்டர் (ரிட்டயர்டு)

தங்கச்சி, தஞ்சாவூர்ல இருவது வருஷத்துக்கு மேல ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவ நான். டாக்டர் இல்ல, அதனால பாத்ததை மட்டும் சொல்றேன்.

முதல்ல சித்தி கதைய விடு. அது வேற கேஸ், வேற காலம், உள்ள என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது.

கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டு வர்ற மெயின் குழா ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணு. கட்டி வளர வளர அதுக்குன்னு சுத்தி நெறைய ரத்தக்குழா பெருத்துரும். ஆனா கட்டிக்கும் நல்ல சதைக்கும் நடுவுல ஒரு மெல்லிசு உறை இருக்கு. அந்த உறைக்குள்ள சரியா இறங்கிட்டா கட்டி நுங்கு மாதிரி வழண்டு வந்துரும், ரத்தமும் கம்மி. அந்த வழிய விட்டுட்டு நல்ல சதைக்குள்ள போனாதான் கொட்ட ஆரம்பிக்கும். அதனால பாதி விஷயம் மருந்துலயே இல்ல, கை பழக்கத்துலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

மிச்சப் பாதிக்கு மருந்து இருக்கு. வாசோபிரசின்னு ஒரு மருந்து, ஒரு ஆம்பூல் 20 யூனிட், அதை 100 மில்லி 200 மில்லி சலைன்ல நல்லா நீர்க்கக் கலந்து, நீளமான ஊசியால கட்டி மேல இருக்கற சதையில போடுவாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல உள்ள விட்ட கேமராவோட டிவியில பாத்தா ரோஸ் கலர்ல இருந்த கர்ப்பப்பை அப்படியே வெளுத்து, உரிச்ச சுரைக்கா கணக்கா ஆயிரும். மொதமொத பாத்தப்ப நானே பயந்துட்டேன். ரத்தக்குழா சுருங்கிக்கிச்சுன்னு அர்த்தம், அதுக்கப்பறந்தான் கத்தி வெப்பாங்க. உங்க ஊரு பாஷையில சொன்னா மதகை இறக்கிட்டு வாய்க்காலுக்குள்ள இறங்கறாப்ல. ஆனா அது அரை மணி முக்கா மணி நேரம்தான் நிக்கும், அதுக்குள்ள கட்டிய எடுத்து குழிய தச்சுரணும். கொஞ்சம் இழுத்துருச்சுன்னா திரும்பப் போடுவாங்க.

இதுல ஒரு ஜாக்கிரதை இருக்கு. மருந்து தப்பித் தவறி ரத்தக்குழாக்குள்ளயே போயிருச்சுன்னா பி.பி. எகிறும், நாடி குறைஞ்சுரும், இதயமே நின்ன கேஸ் கூட உண்டு. அதனால ஊசிய உள்ள விட்டதும் பின்னாடி இழுத்துப் பாப்பாங்க ரத்தம் வருதான்னு, அப்பறம் "வாசோபிரசின் போடப் போறேன்"னு சத்தமா மயக்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் போடணும். எங்க தியேட்டர்ல அதை சொல்லாம யாரும் போட மாட்டாங்க. உனக்கு பி.பி., இதயக் கோளாறு, ஃபிட்ஸ், ஆஸ்துமான்னு எது இருந்தாலும் ஒளிக்காம சொல்லிரு.

சில சர்ஜன் அந்த மெயின் குழாயவே கிளிப்பு போட்டு தற்காலிகமா புடிச்சுக்குவாங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துருவாங்க. அது எல்லாருக்கும் வராது, பக்கத்துலயே கிட்னியில இருந்து வர்ற யூரின் குழா ஓடுது, அது தெரிஞ்சவங்க பண்ற வேலை. அப்படி அடைச்சாலும் மேல சினைப்பை பக்கமிருந்து ஒரு கிளை வந்துக்கிட்டுதான் இருக்கும், ஊத்துத் தண்ணி மாதிரி.

கடைசில ரத்தத்த நிறுத்தறது தையல்தான் தங்கச்சி. கரண்டு வெச்சு கருக்கறதை விட தைக்கறதுதான் நல்லது, ரொம்பக் கருக்குனா தழும்பு வீக்காயிரும், நாளைக்கு மாசமானா தொந்தரவு. இப்ப முள்ளு வெச்ச நூலு வருது, முடிச்சே போட வேணாம், இழுத்தா அப்படியே புடிச்சுக்கும். முன்னாடி ஒரு முடிச்சுக்கு வேர்த்து விறுவிறுக்க நிப்பாங்க, அந்த நேரம் பூரா ரத்தம் கசியும். இந்த நூலு வந்தப்பறம் தையல் நேரமே பாதியாயிருச்சுன்னு நான் கண்ணால பாத்தது. விலை ஜாஸ்தி, பில்லுல தனியா வரும், கேட்டுக்க.

எவ்வளவு ரத்தம் போச்சுன்னு எப்படித் தெரியும்னு நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஓரமா ரத்தத்த உறிஞ்சி சேக்கற சக்‌ஷன் பாட்டில் இருக்கும், கோடு போட்டுருக்கும். கழுவுன தண்ணி எவ்வளவு விட்டோமோ அதைக் கழிச்சுட்டு மிச்சத்த நாங்க "மேடம் 150", "மேடம் 200"னு சொல்லிக்கிட்டே இருப்போம். யாரும் கவனிக்காம கொட்டிக்கிட்டு இருக்காதுடி, கவலப்படாத.

பசுமைநேசன்

ஆபரேஷனே தேவையில்லை. பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சை ஒரு மண்டலம் சாப்பிட்டா ரத்தமும் ஊறும், கட்டியும் தானா கரையும். எங்க அத்தைக்கு கரைஞ்சிருக்கு.

கும்மோணத்தாள்

@பசுமைநேசன் அண்ணே, உங்க அத்தைக்கு வயசு என்ன? பீரியட்ஸ் நின்னுருந்தா கட்டி தன்னால சுருங்கும், அதுல முருங்கைக்கீரைக்கு என்ன பங்கு. கீரை நல்லதுதான், யாரும் இல்லேங்கல, ஆனா மாசம் ஒன்பது நாள் குடம் குடமா போறவளுக்கு கீரையில ஊறி முடியுமா? ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை.

சரி, என் கதைக்கு வரேன். மூணு வருஷம் முன்னாடி எனக்கும் இதே ஆபரேஷன், 7 செ.மீ. ஒண்ணு. ஆஸ்பத்திரி பேரு வேணாம், கும்பகோணத்துலயும் இல்ல. காலையில வெறும் வயித்தோட பச்ச கவுனு மாட்டி டிரிப்ஸ் ஏத்தி உக்கார வெச்சுட்டாங்க. பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வந்து "அக்கா, உங்களுக்கு பி நெகட்டிவாமே, ரத்தம் கொண்டாந்துட்டீங்களா"ங்கறா! குரூப் பாத்தது மூணு வாரம் முன்னாடி, ஃபைல்ல சிவப்பு மையில எழுதியே இருக்கு, ஒருத்தரும் சொல்லல. என் வீட்டுக்காரரு சாம்பிள் டியூப வாங்கிக்கிட்டு தெர்மாகோல் டப்பாவ கால் ரெண்டுக்கும் நடுவுல வெச்சு பைக்ல நாப்பது கிலோமீட்டர் பறந்தாரு. அங்க போனா குரூப் இருக்கு, ஆனா கிராஸ்மேச் (என் ரத்தத்தோட சேருமான்னு பாக்கறது) பண்ண நேரம் ஆகும்னு உக்கார வெச்சுட்டாங்க, ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து ஒரு இடத்துல விட்டுப்போயி அதுக்கு வேற போன் மேல போன். அன்னைக்கு ஆபரேஷன் நடக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கவுன கழட்டிட்டு ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்புட்டு வீட்டுக்கு வந்தோம். அழுகைய விட கோவந்தான் வந்துச்சு.

ஆனா பாருங்க, அந்தத் தள்ளிப்போனதுதான் எனக்கு நல்லதாப் போச்சு. வேற டாக்டர்கிட்ட போனேன், அவங்க ரிப்போர்ட்ட பாத்துட்டு மொத வார்த்தையே "எச்.பி. 8.2 வெச்சுக்கிட்டு யாரு உன்ன டேபிள்ல ஏத்தச் சொன்னது"ன்னாங்க. இரும்புச்சத்து ஊசி டிரிப்ஸ்ல ஏத்தி, ரத்தப்போக்கு நிக்க மாத்திரை குடுத்து, ரெண்டு மாசம் கழிச்சு 11.6 வந்தப்பறந்தான் தேதியே குடுத்தாங்க. ஆபரேஷன்ல 200 மில்லி போச்சுன்னு சொன்னாங்க, அரேஞ்ச் பண்ணி வெச்ச ரத்தத்த ஏத்தவே இல்ல, மூணாம் நாள் வீடு.

அதனால தங்கச்சி, ரத்தம் கம்மியா போறதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி 18ஆம் தேதியே வேணுமான்னு கேளு.

இரும்பு மாத்திரை திங்கறியா? காபியோட முழுங்காத. நான் கும்மோணத்துக்காரி, டிகிரி காபி இல்லாம எனக்கு விடியாது, அதுலயே மாத்திரையையும் தள்ளிக்கிட்டு இருந்தேன் ஆறு மாசம், ஒண்ணும் ஏறல. காபி, டீ, பால் எதுவா இருந்தாலும் ஒரு மணி ரெண்டு மணி இடைவெளி விடு.

மயக்கமருந்து மாணவன்

கும்மோணத்து அக்கா கடைசியா சொன்னதை நான் கணக்கா போட்டுக் காட்டறேன். நான் அனஸ்தீசியா பி.ஜி., டேபிளோட தலைமாட்டுல நிக்கற ஆளு, எங்களுக்கு இந்தக் கணக்குதான் ஓடிக்கிட்டே இருக்கும்.

உங்க எடை 52 கிலோன்னு வெச்சுக்குவோம். பொம்பளைங்களுக்கு கிலோவுக்கு சுமார் 65 மில்லி ரத்தம், ஆக உடம்புல மொத்தமே கிட்டத்தட்ட 3.4 லிட்டர். ஆபரேஷன்ல 500 மில்லி போச்சுன்னா ஏழுல ஒரு பங்கு போயிருச்சு. 7.8ல ஆரம்பிச்சா முடிக்கறப்ப 6.6 பக்கம் நிப்பீங்க, ரத்தம் ஏத்தாம விட முடியாது. அதே 500 மில்லி, 11.5ல ஆரம்பிச்சிருந்தா 9.8. அந்த நம்பரோட நடந்தே வீட்டுக்குப் போகலாம். சர்ஜன் உள்ள உயிரைக் குடுத்து 200 மில்லி மிச்சம் பண்றதும், நீங்க வெளிய ஒரு மாசம் காத்திருந்து எச்.பி. ஏத்திக்கறதும் எங்க பார்வையில ஒரே சம்பாத்தியம்தான், சொல்லப்போனா ரெண்டாவதுதான் பெருசு. ஒரு யூனிட் ரத்தம் ஏத்துனா எச்.பி. சுமார் 1 கிராம்தான் ஏறும், அதையும் பாத்துக்கங்க.

7.8ல இருந்து மேல வர உங்களுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல இரும்பு வேணும். மாத்திரையில அது மாசக்கணக்கு. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்னு ஒரு ஊசி இருக்கு, ஒரே தடவையில 1000 மில்லிகிராம் வரைக்கும் டிரிப்ஸ்ல ஏத்தலாம், கால் மணி நேர வேலை. விலை கம்மின்னா அயர்ன் சுக்ரோஸ், 200 200ஆ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவாங்க. ரெண்டுலயும் அபூர்வமா அலர்ஜி வரும், அதனால ஆஸ்பத்திரியில வெச்சுதான் போட்டுக்கணும், வீட்டுல வந்து யாரும் போடறேன்னா ஒத்துக்காதீங்க. போட்ட அன்னைக்கே எச்.பி. ஏறாது, ரெண்டுல இருந்து நாலு வாரம் பொறுக்கணும். தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வேலயே வந்துருக்கு. அதனாலயோ என்னவோ 8, 9ன்னா "நம்ம ஊருல எல்லாருக்கும் அவ்வளவுதான்"னு விட்டுடறாங்க. எனக்கு அது பிடிக்காது.

இந்த இடைப்பட்ட மாசத்துல ரத்தப்போக்கை நிறுத்தி வெக்கலேன்னா ஏத்துனது இறங்கிரும். அதுக்கு மாத்திரை உண்டு, லூப்ரோலைடுன்னு மாசம் ஒரு ஊசியும் உண்டு. அந்த ஊசி பீரியட்ஸையே நிறுத்தும், கட்டியும் கொஞ்சம் சுருங்கும். கேக்க நல்லாருக்கு, ஆனா நர்ஸ் அக்கா சொன்ன அந்த உறை இருக்கே, அது ஊசி போட்டப்பறம் ஒட்டிப் போயி பிரிக்க சிரமமா இருக்கும்னு பல சர்ஜன் முகம் சுளிப்பாங்க. உடம்பு சூடா அடிக்கும், தூக்கம் கெடும். உங்க டாக்டர் வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம், அதுல சண்டை போடாதீங்க.

ஆபரேஷனுக்குள்ள குடுக்கற மருந்து பத்தி. இதுவரைக்கும் வந்த ஆய்வுகள சேர்த்து 2014ல ஒரு காக்ரேன் தொகுப்பு வந்துச்சு. அதுல வாசோபிரசின் சராசரியா சுமார் 250 மில்லியும், ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கீழ்வழியா வெக்கற மிசோப்ரோஸ்டால் மாத்திரை சுமார் 100 மில்லியும் ரத்தப்போக்க குறைக்குதுன்னு சொன்னாங்க. ஓபன், லேப்ராஸ்கோபி ரெண்டும் கலந்த ஆய்வுகள், அதனால உங்களுக்கும் அப்படியே 250 மிச்சம்னு எடுத்துக்காதீங்க. பிரசவத்துக்குப் போடற ஆக்சிடோசின் இதுல பெருசா உதவுனதா அதுல தெரியல. அது தர்க்கமும்தான், மாசமா இல்லாத கர்ப்பப்பை அந்த மருந்துக்கு அவ்வளவா மசியாது.

டிரானெக்சமிக் ஆசிட்னு ஒண்ணு, பீரியட்ஸ் அதிகமானா டாக்டர் எழுதற அதே மாத்திரைதான், ஊசியா 1 கிராம் ஆரம்பத்துல நாங்க போடுவோம். உறைஞ்ச ரத்தம் கரைஞ்சு போகாம காப்பாத்தும். ஜப்பான்ல உட்டாகோ ஒகமோட்டோங்கற அம்மாவும் அவங்க கணவரும் கண்டுபிடிச்சு 1962ல வெளியிட்டாங்க, பிரசவத்துல ரத்தம் போயி சாகற பெண்கள காப்பாத்தணும்னுதான் அவங்க அந்த ஆராய்ச்சியே பண்ணாங்க. அது நெசமாவே சாவை குறைக்குதுன்னு இருவதாயிரம் தாய்மார வெச்சு நிரூபிச்சு ரிசல்ட் வந்தது 2017ல. அம்பத்தஞ்சு வருஷம்! சரி, விட்டா பேசிக்கிட்டே போவேன். உங்க குடும்பத்துல கால்ல ரத்தக்கட்டு, நுரையீரல்ல ரத்தக்கட்டுன்னு யாருக்காவது வந்துருந்தா சொல்லிருங்க, அவங்களுக்கு இதை யோசிச்சுதான் குடுப்போம்.

இன்னொண்ணு, சித்தி விஷயம். ஸ்கேன்ல ஃபைப்ராய்டுன்னு வந்தது உள்ள போனா அடினோமயோசிஸா (கர்ப்பப்பையோட உள்சவ்வு சதைக்குள்ளயே வளர்ற கோளாறு) இருக்கறது உண்டு. அதுக்கு உறையே கிடையாது, மாவுல கலந்த உப்பு மாதிரி சதையோட சதையா இருக்கும், வெட்டுனா எங்க வெட்டுனாலும் ரத்தம். சித்திக்கு அதுதான்னு சொல்லல. ஸ்கேன்ல சந்தேகம் இருந்தா எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துருவாங்க, கட்டி எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்னு சர்ஜனுக்கும் வரைபடம் கையில இருந்த மாதிரி ஆகும்.

ஆஸ்பிரின் சாப்புடறீங்களா, வலிக்கு மெடிக்கல்ல வாங்கி போடறீங்களா, நாட்டு மருந்து ஏதாவதான்னு எங்களுக்கு உண்மைய சொல்லுங்க. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை கூட. திட்ட மாட்டோம்.

ஓடி சிஸ்டர் (ரிட்டயர்டு)

தம்பி நல்லா சொன்னாரு. நான் ஒண்ணு சேக்கறேன், கையெழுத்து வாங்கற பேப்பர்ல "தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து", "உயிருக்கு ஆபத்தெனில் கர்ப்பப்பை அகற்றம்"னு ரெண்டு வரி இருக்கும். அதைப் பாத்து ஓடிராத. எல்லார்கிட்டயும் வாங்கறதுதான். ஓட்டை வழியா சமாளிக்க முடியலேன்னா நேரத்தோட ஓபன் பண்ற டாக்டர்தான் நல்ல டாக்டர், வீம்புக்கு டிவிய பாத்துக்கிட்டு நிக்கறவங்க இல்ல.

எடுத்த கட்டிய உள்ளயே துண்டு போட்டு வெளிய எடுக்கறப்ப அதுக்குன்னு உள்ள விடற தனி உறைப்பைக்குள்ள வெச்சு பண்ணுவீங்களான்னும் கேட்டுக்க. அபூர்வமா அது கேன்சரா இருந்துட்டா வயித்துக்குள்ள சிதறும்னு 2014லயே அமெரிக்காவுல எச்சரிக்கை விட்டாங்க.

வெண்ணாத்தங்கரை

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இத்தனை நாள் பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல், அப்பறம் தாளடி நடவு வேற வந்துருச்சு (நான் இறங்கல, வரப்புல உக்காந்து ஆள் பாத்ததோட சரி).

அக்காமாருங்க சொன்னதெல்லாம் பாப்பாவோட ரஃப் நோட்டுல எழுதிக்கிட்டுப் போனேன். நோட்ட பாத்து டாக்டரம்மா சிரிச்சாங்க, ஆனா உக்கார வெச்சு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. தேதிய தள்ளி வெக்கலாமான்னு கேட்டதும் "ரெண்டு பாட்டில் ஏத்திட்டு பண்ணிரலாம்னு நெனச்சேன், நீ காத்திருக்க தயார்னா எனக்கு அதுதான் சந்தோஷம்"னாங்க. கேக்காம விட்டிருந்தா 18ஆம் தேதியே போயிருப்பேன். வாசோபிரசின் போடுவாங்களாம், முள்ளு நூலு போடுவாங்களாம், குழாய புடிக்கற கிளிப்பு உள்ள போயி பாத்துட்டு வேணும்னாதானாம். இரும்பு ஊசி போன வாரம் ஏத்தியாச்சு. கை கொஞ்சம் குளுந்துச்சு, வேற ஒண்ணும் ஆவல. மாத்திரையில ரத்தப்போக்கும் இப்போதைக்கு நின்னுருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, அதுல வருமான்னு ஆஸ்பத்திரியில அந்த டெஸ்க்ல குடுத்துருக்கோம், பாத்து சொல்றேன்னாங்க.

எனக்கு ஓ பாசிட்டிவ். வீட்டுக்காரரு, அவரு தம்பி, பக்கத்து வீட்டு பையன்னு மூணு பேரு இப்பவே பேரு குடுத்துட்டாங்க. மாமியார் மட்டும் இன்னும் மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டுதான் இருக்காங்க, ஆனா நேத்து ஈரல் வாங்கிட்டு வரச் சொல்லி அவங்களே வறுத்துக் குடுத்தாங்க.

அடுத்த மாசம் கடைசில தேதி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நாத்தனார் பொண்ணுக்கு சடங்கு. அதுக்குப் போகலாமா?

கும்மோணத்தாள்

போ, ஆனா பந்தியில நிக்காத. பரிமாற ஆளா இல்ல.

ஓடி சிஸ்டர் (ரிட்டயர்டு)

போயிட்டு வா. கையில மருதாணி மட்டும் வெச்சுக்காத, நெயில் பாலிஷும் வேணாம். அன்னைக்கு காலையில மயக்க டாக்டர் மொதல்ல உன் நகத்தைத்தான் திருப்பிப் பாப்பாரு வெளுத்துருக்கான்னு, அந்த விரல்லதான் ஆக்சிஜன் அளவு பாக்கற கிளிப்பும் மாட்டணும்.